ஈ பிறக்கும் இடம்

ஒரு மாடு நிம்மதியாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள அதன் முகத்தைப் பார்க்கத் தேவையில்லை ஐயா. வாலைப் பார்த்தால் போதும். வால் சும்மா தொங்கினால் மாடு சாப்பிடும், அசை போடும், மடியில் பால் இறங்கும். வால் ஓயாமல் அடித்துக்கொண்டே இருந்தால் ஈ கடிக்கிறது என்று அர்த்தம். ஈ கடிக்கிற மாடு தீவனத்தில் ஒழுங்காக வாய் வைக்காது, படுக்காது, கறக்கப் போனால் உதைக்கும். என் கொட்டகையைப் பற்றிக் கேட்டீர்கள். அதனால் ஈயிலிருந்து தொடங்குகிறேன்.

தங்கச்சி உங்களிடம் என்ன சொல்லியிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். அண்ணன் வேலை மும்முரத்தில் அப்பாவை மறந்துவிட்டான் என்று சொல்லியிருக்கிறாள். நல்ல மனசு அவளுக்கு. ஆனால் அது என் வேலைக்குக் கெட்ட பெயர். அதைத் திருத்தத்தான் நானாகவே இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன்.

கொட்டகை அப்பா கட்டியது. நீளமான தகரக் கூரை, இரண்டு வரிசை மாடுகள், நடுவில் நடைபாதை. ஒரு கோடியில் பால் அறை, மறு கோடியில் தீவன மூட்டை அடுக்கக் கட்டிய சின்ன அறை. பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோன பிறகு அப்பா அந்தச் சின்ன அறையில்தான் படுத்திருந்தார். வீட்டில் வெளிச்சமான அறை காலியாகத்தான் இருந்தது. அவர் வர மறுத்தார். இங்கே கட்டிலை ஒட்டி ஒரு ஜன்னல் உண்டு. அதன் வழியாகக் கொட்டகை முழுவதும் தெரியும். நான் செய்வதும் தெரியும். ஜன்னலுக்கு நேர் கீழே ஒரு கல் தொட்டி. அதில் கட்டியிருந்தது கறவை நின்றுபோன ஒரு கிழட்டு மாடு. அப்பாவின் செல்லம். அதை விற்கிற பேச்சை எடுத்தாலே முறைப்பார்.

அவருக்குப் பேச்சுதான் போயிருந்தது, பார்வை போகவில்லை. நல்லாயிருந்த காலத்தில் வாய் நிறையப் பேசுவார். பால் எடுக்க வருகிறவர்கள் முன்னால் என்னைக் காட்டி, "டேய், நீ ஈ ஓட்டத்தான்டா லாயக்கு" என்பார். அவர்கள் சிரிப்பார்கள். நானும் கூடச் சிரிப்பேன். எனக்குப் பெண் கொடுக்க வந்தவர்களிடமும், "பையன் தங்கம்தான், மூளைதான் கொஞ்சம் மட்டு" என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். வந்தவர்கள் தண்ணீர் குடித்துவிட்டு எழுந்து போனார்கள், அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. இதையெல்லாம் நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. பெற்ற அப்பாவின் மேல் யாராவது வன்மம் வைப்பார்களா?

தங்கச்சி அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்டவள். வேளை தவறாமல் வந்து அவரைத் துடைத்துவிட்டு, பாலில் ஊறிய ரொட்டியைக் குழைத்துக் கிண்ணத்தோடு அவர் மடியில் வைத்துவிட்டுப் போவாள். நல்ல கையால் அவரே சாப்பிடுவார். அவள் இல்லாத நேரத்தில் நான் அந்த அறைக்குள் போவதில்லை. எனக்கு வேலை இருந்தது.

பிறகு பால் நிலையத்து டாக்டர் வந்தார். மாட்டு டாக்டர் அவர், சுத்தம் பார்ப்பதும் அவர் பொறுப்புதான். பால் வடிகட்டுகிற துணியில் செத்த ஈக்களைக் கண்டு முகத்தைச் சுளித்தார். நான் ஈக்களை அடிக்க மருந்து எடுத்து வந்ததைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார்.

"பறக்கிறத அடிச்சு என்னங்க பிரயோஜனம்? அது பொறக்கிற இடத்தக் கண்டுபிடிங்க. ஈரமும் அழுகலும் சேர்ந்த இடம் எங்கேயாவது இருக்கும். அத எடுத்துட்டா ஈ தன்னால போயிடும். நான் அடுத்த தடவ வரும்போதும் இப்படியே இருந்துச்சுன்னா உங்க பாலை எடுக்க முடியாது, சொல்லிட்டேன்."

பாலை எடுக்காவிட்டால் கொட்டகை இல்லை. கொட்டகை இல்லாவிட்டால் நான் யார்? அன்றிலிருந்து நான் வேலை செய்த மாதிரி யாரும் செய்திருக்க மாட்டார்கள். சாணியைக் குவித்து வைப்பதை நிறுத்தி, தூரத்தில் மெல்லிசாகப் பரப்பிக் காயப் போட்டேன். ஒழுகிய குழாயை மாற்றினேன். வடிகாலைத் தோண்டி, சாய்வு வைத்துக் கட்டினேன். கன்றுகள் படுக்கிற வைக்கோல் மேலே பார்த்தால் காய்ந்திருந்தது. கையை உள்ளே விட்டால் சூடாக, நசநசவென்று இருந்தது, கையோடு வெள்ளைப் புழு வந்தது. அவ்வளவையும் வாரி எரித்தேன். கூரையிலிருந்து பசை நாடா தொங்கவிட்டேன், மின்விசிறி மாட்டினேன். மாடுகளின் வால் ஒவ்வொன்றாக ஓய்ந்தது. பக்கத்து ஆட்கள் வந்து பார்த்து, மாடு கட்டியிருக்கிற இடமா இது, சாப்பாட்டை இங்கேயே போட்டுச் சாப்பிடலாம் போலிருக்கிறதே என்றார்கள். அப்பா மட்டும் ஜன்னலிலிருந்து வாயைக் கோணிச் சிரித்தார். பாதி முகத்தால் சிரித்தாலும் அது அதே சிரிப்புதான்.

ஜன்னல் பக்கம் மட்டும் ஈ குறையவில்லை. கம்பியில் கறுப்பாக மொய்த்தது. அப்பாவின் கண்ணோரத்தில், வாயோரத்தில் உட்கார்ந்தது. படுத்தே கிடந்ததில் முதுகில் புண் வந்திருந்தது. தங்கச்சி ஒரு கையால் விசிறிக்கொண்டே மறு கையால் மருந்து போடுவாள், போட்டுக்கொண்டே அழுவாள். நான் கதவருகில் நின்று யோசித்தேன். ஈரமும் அழுகலும் சேர்ந்த இடம். டாக்டர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. அதற்கு நாங்கள் கட்டில் போட்டுப் போர்வை போர்த்தி வைத்திருந்தோம்.

அவசரப்படவில்லை. முதலில் தன்மையாகத்தான் பார்த்தேன். "அப்பாவ வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிடலாம்" என்று தங்கச்சியிடம் சொன்னேன். இருவரும் தூக்கினோம். அவர் நல்ல கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையில் அவ்வளவு பலம் இருக்குமென்று நான் நினைக்கவில்லை. "விட்டுடு அண்ணா, இருக்கிறவரைக்கும் இங்கேயே இருந்துட்டுப் போகட்டும்" என்றாள். அவள் சொன்னதை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

டாக்டர் வருவதற்கு முந்தின நாள் புகை மருந்து போட முடிவு செய்தேன். தங்கச்சி தன் மாமியாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருந்தாள். புகை போடுவதற்கு ஒரு முறை இருக்கிறது ஐயா, அதில் நான் கறார். உயிருள்ளது எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. கறவை மாடுகளை ஓட்டி வெளியே மரத்தடியில் கட்டினேன். சினை மாட்டை மெதுவாக, வழுக்காமல் நடத்திக் கூட்டி வந்தேன். கன்றுகளை வெளியே விட்டேன். தண்ணீர்த் தொட்டியை மூடினேன். பால் பாத்திரங்களை வீட்டுக்குக் கொண்டுபோனேன். வைக்கோல் பரணில் பூனை குட்டி போட்டிருந்தது. கண் திறக்காத குட்டிகள். ஒவ்வொன்றாக எடுத்துக் கூடையில் துணி விரித்து வைத்து, கூடையை வெளியே நிழலில் வைத்தேன். கடைசியாகக் கிழட்டு மாட்டை அவிழ்த்தேன். அது வர மாட்டேன் என்று அடம் பிடித்தது, தட்டிக் கொடுத்துக் கூட்டி வந்தேன்.

பிறகு உள்ளே போய், சின்ன அறையின் வெளிக்கதவைச் சாத்தினேன். கொட்டகைப் பக்கத்து ஜன்னலைத் திறந்துவைத்தேன். அப்பா என்னைப் பார்த்தார். அப்போது சிரிக்கவில்லை. மருந்தை வைத்துவிட்டு வந்து பெரிய கதவைப் பூட்டினேன்.

உள்ளே சத்தம் வந்தது. புகை போட்டால் சத்தம் வருவது சகஜம். தகரம் விரியும், பல்லி விழும். கிழட்டு மாடு கயிற்றை இழுத்துக் கத்திக்கொண்டே இருந்தது. அதற்குப் பச்சைப்புல் போட்டேன். சாப்பிடவில்லை.

தங்கச்சி வந்தபோது கதவெல்லாம் திறந்து காற்றாட விட்டிருந்தேன். அவள் அப்பாவின் மேல் விழுந்து அழுதாள். அழுது முடித்து வெளியே வந்தவள் நிழலில் இருந்த கூடையைப் பார்த்தாள். குனிந்து துணியை விலக்கினாள்.

"பூனைக்குட்டியக்கூட வெளிய எடுத்து வச்சிருக்கியே அண்ணா."

அவளே என் தோளைப் பிடித்துக்கொண்டு, "மறந்துட்டே, இல்ல? வேலைல மறந்துட்டே. மறந்துட்டேன்னு சொல்லு" என்றாள். தலையாட்டினேன். அவளுக்கு அது தேவைப்பட்டது.

மறுநாள் வர வேண்டிய டாக்டர், அடக்கம் முடிந்து சில நாள் கழித்துத் துக்கம் கேட்க வந்தார். வந்தவர் கொட்டகையையும் சுற்றிப் பார்த்தார். நன்றாகப் பாராட்டினார். ஆனால் ஜன்னல் பக்கம் வந்ததும் நின்றார். ஈ மறுபடி மொய்த்துக்கொண்டிருந்தது. கிழட்டு மாட்டை ஒதுக்கிவிட்டு, கல் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் எட்டிப் பார்த்தார். தொட்டியை நகர்த்தச் சொன்னார். சுவரோரம் நெடுக ரொட்டியும் பாலும் அழுகிக் கூழாகி, உள்ளே புழு நெளிந்தது. தங்கச்சி பார்த்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள். அப்பா தினமும் தன் ரொட்டியில் பாதியை ஜன்னல் வழியாகக் கிழட்டு மாட்டுக்கு ஊட்டுவாராம். கை நடுங்கிப் பாதி கீழே விழுமாம். பாவம், ஆசையாகச் செய்கிறார் என்று அவளும் கண்டும் காணாமல் இருந்திருக்கிறாள். மண்வெட்டியால் நாலு வாரு வாரி, கழுவி, சுண்ணாம்பு தூவினேன். ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் ஈயே இல்லை.

"இவ்வளவு பண்ணின மனுஷன், இந்த ஒரு மூலைய எப்படி விட்டீங்க?" என்று டாக்டர் கேட்டார். தங்கச்சி எனக்கு முந்திக்கொண்டு, "மறந்திருப்பாருங்க" என்றாள்.

எல்லோரும் மறதி மறதி என்கிறார்கள். கன்றுகளுக்கு அடியில் கை விட்டுப் புழுவைத் தேடியவன் நான். எனக்கா தொட்டிக்குப் பின்னால் இருப்பது தெரியாது? வடிகால் தோண்டிய நாளிலேயே பார்த்துவிட்டேன். மண்வெட்டியும் கையில்தான் இருந்தது. வாரியிருந்தால் அன்றைக்கே ஈ போயிருக்கும் ஐயா. ஈ போயிருந்தால், அப்பா இருந்திருப்பார்.