பூக்கொத்தி வந்த ஞாயிறு

பப்பாளியைத் தோலோடு வைப்பதுதான் நல்லது. சீவி வைத்தால் மதியத்துக்குள் எறும்பு மொய்த்துவிடும், சிட்டுகள் கிட்டவே வராது. தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் சாலையில் எங்கள் வீடு. பின்புறத்தில் ஒரு கொட்டாங்கச்சியைக் கட்டித் தொங்கவிட்டு, பழம் வைத்து, கேமராவோடு உட்கார்ந்து உட்கார்ந்து நானாகக் கற்றுக்கொண்டது இது. அதைவிடப் பெரிய பாடம், அசையாமல் இருப்பது. தும்மலை அடக்கத் தெரியாதவன் இந்த வேலைக்கு லாயக்கில்லை.

பக்கத்து வீட்டு ஹைதர் அண்ணன் பாசாரில் மீ கோரெங் நூடுல்ஸ் கடை நடத்தி ஓய்ந்தவர். நல்ல மனிதர், தொண்டைதான் பெரிது. "குணா தம்பி, தே தாரிக் குடிக்கிறீங்களா லா" என்று டீக்குக் கூப்பிட்டுக் கம்பி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் கொடுப்பார். என் காலைப்பொழுது அதோடு பாழ். ஒருநாள் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டேன். வேறு யாராக இருந்தாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார்கள். அவரோ மறுநாளிலிருந்து வேலியோரம் வந்து ஒரு கையைத் தூக்குவார். நான் திரும்பிப் பார்க்கும்வரை வாயே திறக்கமாட்டார். அந்த நாகரிகத்துக்காக இன்றைக்கும் அவரை மதிக்கிறேன்.

தைப்பூசம் வந்தால் மேளமும் ஒலிபெருக்கியும் சிட்டுகளைத் துரத்திவிடும். இந்த வருடம் கூட்டம் கலைந்து வெகுநாளாகியும் ஒன்றுகூடத் திரும்பவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், முதுகு சிவந்த பூக்கொத்திச் சிட்டு ஒன்று, கட்டைவிரல் அளவுதான் இருக்கும், தனியாக வந்து கொட்டாங்கச்சி விளிம்பில் உட்கார்ந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம்.

அந்த நேரம் பார்த்து ஹைதர் அண்ணன் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வந்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அப்படியே வேலியோரம் சரிந்து உட்கார்ந்தார். என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினார்.

நான் எழுந்தால் அது பறந்துவிடும். அவருக்கும் அது தெரியும். கை இறங்கியது, மறுபடி எழுந்தது, மறுபடி இறங்கியது. சிட்டு வயிறு நிறையத் தின்று தானாகப் பறந்துபோனதும் ஓடினேன். ஆம்புலன்ஸை அழைத்தது நான்தான். அதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

அண்ணனை அடக்கம் செய்த பிறகு அந்தச் சிட்டின் படத்தை ஃபேஸ்புக்கில் போட்டதுதான் வினையாகிவிட்டது. அவர் மனைவி நூர்ஜான் அக்கா தேதியைப் பார்த்துவிட்டு வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, இது அவரு மவுத்தான அன்னிக்கி எடுத்ததா?"

"ஆமாக்கா."

"அவரு உங்கள கூப்பிடலையா?"

"சத்தமே போடலக்கா."

"நான் அடுப்படியிலதான் இருந்தேன். ஒரு குரல் கேட்டிருந்தா ஓடி வந்திருப்பேனே தம்பி."

நான் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை.

இப்போது தெருவில் யாரும் என்னோடு பேசுவதில்லை. பேசாமல் இருக்கட்டும், சிட்டுகளுக்கு நல்லது. நான் யாரையும் தொடவில்லை, தள்ளவில்லை. அதே காலை திரும்பி வந்தாலும் அப்படியேதான் உட்கார்ந்திருப்பேன். அசைந்தால் பறந்துபோகிற ஒன்றின் முன்னால் ஒரு மனிதன் வேறென்ன செய்ய முடியும்?

படத்தை நீங்களே பாருங்கள். எவ்வளவு சுத்தமாக வந்திருக்கிறது, சிட்டுக்குப் பின்னால் வெறும் பச்சை. முதலில் எடுத்ததில் எல்லாம் அவருடைய கை விழுந்திருந்தது. அதனால் கேமராவைத் தூக்கிக்கொண்டு எழுந்து, இரண்டடி தள்ளிப்போய் உட்கார்ந்து எடுத்தேன். சிட்டு பாட்டுக்குத் தின்றுகொண்டிருந்தது.