கோடு நேராத்தான் இருக்கா

இல்ல சார், நின்னுக்கிட்டே எட்டிப் பார்த்தா சரிவராது. அந்த நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காருங்க. சும்மா குடுக்குற பொருளா இருந்தாலும் பார்த்துத்தானே வாங்கணும். பதிலுக்கு எதுவும் வேணாம், நோட்டீஸ்லயே எழுதியிருந்தேனே. லிஃப்ட் பக்கத்துல போர்டுல பார்த்தீங்களா? நான்தான் ஒட்டுனேன். அந்த லிஃப்ட்டுக்கும் நான்தான் மெக்கானிக். போன வாரம் மூணாவது மாடியில நின்னுச்சே, அதுக்கு உங்க வீட்ல என்னைத் திட்டியிருப்பாங்க. பரவால்ல, பழகிப்போச்சு.

கொஞ்சம் பொறுங்க, இது எழுந்திரிக்க நேரமாகும். பன்னெண்டு வருஷத்து லேப்டாப். முதல்ல கறுப்பா கிடக்கும், அப்புறம் எழுத்தா ஓடும், ஏதோ கெட்டுப்போச்சுன்னு நினைச்சு அணைச்சிராதீங்க. வந்துருச்சு பாருங்க. உங்க பொண்ணு படிக்கிறதுக்குன்னுதானே சொன்னீங்க? அதுக்கு இது தாராளம்.

விண்டோஸ் இல்ல சார், லினக்ஸ். புது விண்டோஸ் இந்தப் பழைய உடம்பு தாங்காதுன்னு கடைக்காரர் சொல்லிட்டாரு. தூக்கிப் போட்டுட்டு வேற வாங்குங்கன்னாரு. தூக்கிப் போடுங்கன்னு யாராவது சொன்னாலே எனக்கு ஆகாது. வீம்புக்கு உக்காந்து நானே லினக்ஸ் ஏத்துனேன். நல்லா ஓடுச்சு. ஒண்ணே ஒண்ணுதான் தகராறு பண்ணுச்சு, இந்த கிராஃபிக்ஸ் டிரைவர்.

அது வேற ஒண்ணும் இல்ல. திரையில படம் வரையறதுக்குன்னே உள்ள தனியா ஒரு கார்டு இருக்கு. அதுக்கு லினக்ஸ் பேசுறது புரியாது, லினக்ஸுக்கு அது பேசுறது புரியாது. நடுவுல நின்னு ரெண்டு பேருக்கும் சொல்லிக் குடுக்குற ஆளுதான் டிரைவர். கார்டு செஞ்சவங்க, இது கிழடாயிருச்சு, இனிமே இதுக்கு டிரைவர் கிடையாதுன்னு எப்பவோ கைய விரிச்சுட்டாங்க. அவங்க கடைசியா விட்டது பழைய லினக்ஸுக்குத்தான் ஒத்துப்போகும். புதுசுக்குன்னா, யாரோ நாலு புண்ணியவான்க சொந்தமா எழுதி வச்சிருக்கிற இன்னொரு டிரைவர் இருக்கு. அது ஓடும், ஆனா அப்பப்ப முறைச்சுக்கும். இது ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு நான் பட்ட பாடு இருக்கே.

எனக்கு எதுக்கு சார் லேப்டாப்? இது என் மனைவியோடது. அவ வீட்டு ப்ளான் வரையிறவ. ஒரு இன்ஜினியர்கிட்ட பதினாறு வருஷமா வேலை, அதுல பாதி வருஷம் இந்த மேசையில இருந்தேதான். அவர் கையால கிறுக்கி அனுப்புவாரு, இவ அத சுவர், கதவு, ஜன்னல்னு அளவு போட்டுக் கோடா இழுத்துக் குடுப்பா. லினக்ஸ் ஏத்துன புதுசுல, ப்ளான இப்படி மேல கீழ நகர்த்துனா சுவர் பாதியில துண்டாகும். மேல் பாதி ஒரு பக்கம், கீழ் பாதி ஒரு பக்கம். அத நானே என் கண்ணால பார்த்தேன். டிரைவர்ல ஒரு இடத்துல ஒரு வரி சேர்க்கணும், அத தேடிக் கண்டுபிடிச்சுச் சேர்த்தேன், நின்னு போச்சு. நீங்க லிஃப்ட்ட விட்டுட்டு இதுக்கே போகலாம்னு அவளே சொன்னா. ஒரு வாரத்துக்கு வீட்ல என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. அந்த மெதப்பு இருக்கு பாருங்க சார், அதுதான் என்னைக் கெடுத்தது.

ஒரு மாசம் கழிச்சு மொத்தத்துக்கும் அப்டேட் போட்டேன். அதே வாரம் அவ கூப்பிட்டா. ஏங்க, சுவர் வளையுதுங்கன்னா. வந்து பார்த்தேன். நேரா இருந்துச்சு. இல்லைங்க, இந்த ஹால் சுவர் நடுவுல உப்பிக்கிட்டு நிக்குது, நல்லா பாருங்கன்னா. நானும் மூக்கு திரையில இடிக்கிற அளவுக்குக் குனிஞ்சு பார்த்தேன். எனக்கு நேராத்தான் தெரிஞ்சுச்சு.

அவ சொன்னத நான் நம்பலைன்னு மட்டும் நினைச்சிராதீங்க. நம்புனேன், அதான் விஷயம். எங்க தொழில்ல இது தினமும் நடக்கும். லிஃப்ட் உதறுதுன்னு போன் வரும், நான் போய் ஏறுனா அது சமத்தா மேலயும் கீழயும் போயிட்டு வரும். மெக்கானிக்க பார்த்தா எந்த மெஷினும் ஒழுங்கா நடிக்கும் சார். அதனால புகார் சொன்ன ஆள சந்தேகப்படக் கூடாது, மெஷினத்தான் சந்தேகப்படணும். இருபது வருஷமா நான் கட்டிக் காப்பாத்துற சட்டம் அது. என் பொண்டாட்டி கோட்டுலயே வாழ்றவ, அவ வளையுதுன்னா வளையும், நான் பாக்குறப்ப மட்டும் ஒளிஞ்சுக்குதுன்னு முடிவு பண்ணிட்டேன்.

அப்புறம் என்ன, புது டிரைவர எடுத்துட்டுப் பழச போட்டேன், திரை இருட்டாயிடுச்சு. அதுக்காக லினக்ஸையே பழசுக்கு இறக்குனேன். படம் வந்துச்சு, இன்னும் வளையுதுன்னா. லேப்டாப்பைக் கழட்டி, திரைக்குப் போற பட்டை ஒயர எடுத்துத் துடைச்சுத் திருப்பி மாட்டுனேன். வளையுதுன்னா. பக்கத்து வீட்லேர்ந்து ஒரு மானிட்டர் வாங்கிட்டு வந்து இதுல சொருகுனேன். அதுலயும் ஹால் சுவர் வளையுதுன்னா. எனக்கு ஒரே சந்தோஷம். ஏன் சந்தோஷமா? ரெண்டு திரையிலயும் வளையுதுன்னா தப்பு திரை மேல இல்ல, கார்டு மேலதான், இல்லாட்டி டிரைவர் மேலதான்னு உறுதியாயிடுச்சுல்ல. திருடன் எந்தத் தெருவுல இருக்கான்னு தெரிஞ்சுபோச்சு, வீடுதான் பாக்கின்னு அவகிட்ட பெருமையா சொன்னேன்.

ஒருநாள் ப்ரின்ட் எடுத்துட்டு வந்தா. பேப்பர்லயும் வளையுதுங்கன்னா. நான் அத கையில கூட வாங்கிப் பார்க்கல சார். பேப்பருக்கும் இங்கிருந்துதானே போகுது, இங்க வளைஞ்சா அங்கயும் வளையத்தானே செய்யும்னேன். இன்னும் ஒரே ஒரு டிரைவர் பாக்கி இருக்கு, ஞாயித்துக்கிழமை பார்த்துடலாம்னேன். சரிங்கன்னு போயிட்டா. அவ திரை மேலயே அளவுகோல வச்சு சரிபார்த்துக் கோடு போட ஆரம்பிச்சது அதுக்கப்புறம்தான். ப்ளான்ல அளவு எண் தப்பா இருக்குன்னு இன்ஜினியர் ரெண்டு தடவை திருப்பி அனுப்புனாரு, அதுக்கும் இந்த டிரைவரத்தான் திட்டுனோம். ரெண்டு பேரும் சேர்ந்துதான் திட்டுனோம்.

இப்படியே நாலு மாசம். காலையில வேலைக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம், ஞாயித்துக்கிழமைன்னா முழுநாளும். உலகத்துல எவனெவனோ இதே கார்ட வச்சுக்கிட்டு அழுதிருக்கான், அத்தனை பேர் எழுதுனதையும் படிச்சேன். ஒருத்தனுக்குக் கூட சுவர் வளையல. அப்பவாவது எனக்கு உறைச்சிருக்கணும். நம்மளுது அபூர்வமான கோளாறு போலன்னு நினைச்சேன் சார்.

அன்னைக்கு அவ சமையல்கட்டு வாசல்ல நின்னுக்கிட்டு, கண்ணாடியக் கழட்டித் துடைச்சுட்டு இருந்தா. சோடாபுட்டிக் கண்ணாடி, பள்ளிக்கூடத்துலேர்ந்தே போடுறா. மறுபடி மாட்டிக்கிட்டு, முடி விழுந்துச்சோ என்னவோ, இடது கண்ண கையால மறைச்சா. வலது கண்ணால மட்டும் வாசலப் பார்த்தா. அப்புறம் மெதுவா கேட்டா, ஏங்க, இந்தக் கதவு சட்டமும் வளையுதே, இதுக்கு என்ன டிரைவர் போடப்போறீங்கன்னு. கிண்டலாத்தான் கேட்டா. குரல் கிண்டலா இல்ல.

கண் டாக்டர் கேட்டாரு, எத்தனை நாளா வளைஞ்சு தெரியுதுன்னு. நான் வாயத் திறக்கிறதுக்குள்ள அவ சொல்லிட்டா, இப்பதான், ஒரு ரெண்டு வாரமா இருக்கும்னு. என்னைத் திரும்பிக்கூட பார்க்கல. அவர் படம் எடுத்துப் பார்த்துட்டு, இது ரெண்டு வார வேலை இல்லம்மா, மாசக்கணக்கா கண்ணுக்குள்ள பின்பக்கம் ரத்தம் கசிஞ்சுக்கிட்டு இருந்திருக்குன்னாரு. அதிக பவர் இருக்கிறவங்களுக்கு வருமாம். ஆரம்பத்துலயே வந்திருந்தா ஊசி போட்டு நிறுத்தியிருக்கலாமாம். வலது கண்ணுல நடுவுல இப்ப ஒண்ணும் தெரியாது சார். எதைப் பார்க்கணும்னு பார்க்கிறாளோ அது மட்டும் தெரியாது, அத சுத்தி எல்லாம் தெரியும். இடது கண்ண கவனிச்சுக்கிட்டு இருக்காங்க.

உள்ளதான் இருக்கா, ரேடியோ கேக்குது பாருங்க. அந்தப் பெட்டிய யாருக்காவது குடுத்துடுங்க, அது முன்னாடி நீங்க உக்காந்திருக்கிறத என்னால பார்க்க முடியலன்னு அவதான் சொன்னா. என்னை ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தா சாப்பாடாவது இறங்கும்.

உங்களுக்கு முன்னாடி மூணு பேரு வந்தாங்க சார். மூணு பேரையும், அவ வளையுதுன்னு சொன்ன இதே ப்ளானத் திறந்து வச்சு, இது முன்னாடிதான் உக்கார வச்சேன். பார்த்துட்டு, திரை சுத்தமா இருக்கு, கோடெல்லாம் நேரா இருக்குன்னாங்க. ஏதோ சாக்கு சொல்லி அனுப்பிட்டேன். உங்களையும் அதுக்குத்தான் இவ்வளவு நேரம் உக்கார வச்சிருக்கேன், கோவிச்சுக்காதீங்க. அந்த ஹால் சுவர இன்னொரு தடவை பார்த்துச் சொல்லுங்க. இம்மியளவு வளையுதுன்னு நீங்க ஒருத்தர் சொன்னாக்கூட போதும், டிரைவர் மேலயும் தப்பு இருந்துச்சுன்னு நான் படுத்துத் தூங்குவேன்.