பச்சை டீக்கு நானே சாட்சி

— பானையில தண்ணி எங்க ஷகிலா? காலையிலதானே ரொப்பி வெச்சே?

— தண்ணி கெடக்கட்டுங்க. கொஞ்சம் உக்காருங்க. இந்தப் பச்சை டீ சர்க்கரை வியாதிய நெசமாவே கொறைக்குமா?

— இதென்ன புதுசா கேக்கற? நானே சாட்சி!

— இன்னொருக்கா சொல்லுங்க. மனசு ஒரு நெலையில இல்ல.

— கேட்டுக்க. தம்பி சலாவுதீன் சவூதியில கண்ணால பாத்தது. கறிச்சோறு தின்னுட்டு அந்த ஊருக்காரங்க புதினா போட்டு இதத்தான் குடிக்கறாங்க. கல்லு தின்னாலும் செமிச்சிருமாம். சீனாக்காரன் காலங்காலமா குடிக்கறான். கொழுப்பு கரையும், ரத்தம் சுத்தமாவும்.

— மாத்திரையே வேணாமா?

— அதான் நான் தூக்கிப் போட்டுட்டேனே! பாலக்கோடு மண்டியில தக்காளி வெலைய வுட்டுட்டு எல்லாரும் என் டீயத்தான் விசாரிக்கறாங்க.

— காலையில மூத்திரத்த டெஸ்ட் பண்ணேங்க. அந்த நீல மருந்த ஊத்தி, அடுப்புல காட்டி...

— நீலமாவே நின்னிருக்கும்.

— இல்லீங்க. பச்சையாச்சு, மஞ்சளாச்சு, கடைசியில செங்கல் கலரு.

— செங்கல்லா? சர்க்கரை எக்கச்சக்கமா இருந்தாத்தானே அப்படி ஆவும்!

— மருந்து கெட்டுருச்சோன்னு மறுக்காவும் பாத்தேன். அதே செங்கல்லு.

— நான் சீசாவுல புடிச்சு வெச்சதா?

— டீ குடிச்சும் இப்படி ஆவுமா? அத மொதல்ல சொல்லுங்க.

— யா அல்லா! இருக்கவே இருக்காது. நேத்துகூட மாத்திரை போட்டேனே!

— என்ன மாத்திரை?

— அது வந்து...

— தூக்கிப் போட்டுட்டேன்னீங்களே!

— கோவிச்சுக்காத. வூட்டுல இல்ல, மண்டிக் கல்லாவுல வெச்சிருக்கேன். டீயிலயே கொணமாச்சுன்னு சொன்னா நாலு பேரு மதிக்கறாங்க, அந்த ஆசைதான். அல்லா மேல ஆணையா ஒரு நாளும் மாத்திரைய வுட்டதில்ல. அப்புறம் எனக்கு எப்படி செங்கல் கலரு வரும்? எனக்கே பயமா இருக்கு ஷகிலா. கெளம்பு, இப்பவே தர்மபுரி ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறிரலாம்.

— ஏறலாங்க. ஆனா அது உங்க சீசா இல்ல, என்னுது. தாகம் தாங்காம பானைத் தண்ணி பூராவும் குடிச்சதும் நாந்தான். போன மாசம் டாக்டரம்மா எனக்கும் சர்க்கரைன்னு மாத்திரை குடுத்தாங்க. நீங்க கலங்குவீங்கன்னு சொல்லல. உங்க டீய நம்பி, அந்தப் பொட்டலத்த நான் பிரிக்கவே இல்லீங்க.