அவன் சொன்ன சம்மதம்

குளிர் அறையில் வேலை பார்ப்பவனுக்குப் போன் பேசுவது பெரும்பாடு, ஐயா. கையுறையைக் கழற்றினால் விரல் விறைத்துவிடும்; கழற்றாவிட்டால் போன் நம் விரலை விரலென்றே மதிக்காது. போதாததற்கு அந்தக் குளிரில் பேட்டரியும் நிற்காது.

நீங்கள் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். எழுத்து நான் வயது போனபிறகு கற்றது. என் மகன் செத்தபின், விசாரணை அறிக்கையில் அவனைப் பற்றி என்ன இருக்கிறதென்று நானே படிக்கவேண்டும் என்று உட்கார்ந்து கற்றேன். நான் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் பெரிய வார்த்தை 'கவனக்குறைவு'.

அவன் அப்படிப்பட்டவன் இல்லை. பிரேக் பிடிக்காத தூக்குவண்டியைத் தொடமாட்டேன் என்றுதான் சொன்னான். கிடங்கு மேற்பார்வையாளன் போனில் வந்தான். "டேய் மருமகனே, தாய்மாமன் சொல்றேன், மெதுவா ஓட்டினா ஒண்ணும் ஆகாது. எடுடா." மேற்பார்வையாளன் என் மனைவியின் தம்பி. பக்கத்தில் நின்று நானும் கேட்டேன். அந்த வண்டியிலேயே மகன் போனான். விசாரணையில் மச்சினன், அப்படிப் பேசவே இல்லை என்றான். அதிகாரி என்னிடம், "பதிவு இருக்கா?" என்றார். இல்லை. என் காது சாட்சியில் சேராதாம்.

அன்றிலிருந்து வந்த பேச்சையெல்லாம் போனில் பதிந்தேன். ஒருநாள் மச்சினனே, "நான் சொல்லித்தான் எடுத்தான். என்ன பண்ணச் சொல்றீங்க மாமா, என் வேலை போயிருக்கும்ல" என்றான். அதை வக்கீலிடம் கொண்டுபோனேன். கேட்டு முடிக்குமுன்பே அவர் போனின்மேல் கையை வைத்து மூடினார்.

"அவருக்குத் தெரியாம எடுத்தீங்களா?"

"தெரிஞ்சா பேசுவானா சார்?"

"அப்ப இது நிக்காது பெரியவரே. உங்க மேலயே திரும்பும். அவர் சம்மதிச்சுப் பேசியிருக்கணும். அழிச்சிடுங்க."

அழித்தேன். சட்டத்தை மீறுகிறவன் இல்லை நான். ஆனால் ஊமை கண்ட கனவாகிப் போனது என் பாடு.

பெரிய குளிர் அறைக்குள் யார் போனாலும் கதவிடுக்கில் ஒரு கட்டையை வைப்பது எங்கள் வழக்கம். உள்கைப்பிடி உடைந்து நெடுநாள். மச்சினன் "பார்ப்போம், பார்ப்போம்" என்றே ஓட்டினான். விடுமுறை நாள் ஒன்றில், சரக்கைச் சட்டென்று பார்த்துவிட்டு வருகிறேனென்று குளிர்கோட்டுப் போடாமல் உள்ளே போனான். வெளியே நான் மட்டும். கட்டையை நான்தான் எடுத்தேன். தரையைப் பெருக்க எடுத்தேன் என்று முதலில் உங்களிடம் சொன்னேன், பெருக்கவும் செய்தேன்.

போன் வந்தது. சிரித்துக்கொண்டுதான் பேசினான். "மாமா, கட்டைய எலி தூக்கிட்டுப் போச்சா? வந்து திறங்க."

"திறக்கறேன் மாப்பிள்ளை. அதுக்கு முன்னாடி, நீ பேசறதைப் பதிவு பண்ணட்டுமா?"

"என்ன மாமா விளையாட்டு இது?"

விளையாட்டில்லை என்றேன். வக்கீல் சொன்னதை அப்படியே விளக்கினேன்: முதலில் சம்மதம், பிறகு மகன் விஷயம். போனை வைத்தால் வீட்டுக்குப் போய்விடுவேன் என்றும் சொன்னேன். திட்டினான். பிறகு அழுதான். பொறுமையாகக் கேட்டுக்கொண்டேன். சம்மதம் என்றான், பல் கிட்டித்து வார்த்தை குழறியது. குழறிய சம்மதம் நிற்குமா என்று எனக்குச் சந்தேகம். "இன்னொரு தரம் தெளிவாச் சொல்லுப்பா" என்றேன். அதுவும் திருப்தியாக இல்லை. மறுபடி சொன்னான். பிரேக்கைப் பற்றி, போன் பேச்சைப் பற்றி, விசாரணையில் சொன்ன பொய்யைப் பற்றி எல்லாம் சொன்னான். "அக்காகிட்ட சொல்லிடுங்க மாமா" என்னும்போது உள்ளே அவன் போன் அணைந்தது. பேட்டரியைப் பற்றித்தான் முதலிலேயே எழுதினேனே.

பதிவு சரியாக விழுந்திருக்கிறதா என்ற கவலையில் எனக்கு வேறொன்றும் ஓடவில்லை. பக்கத்துத் தெருவில்தான் வீடு. போய் மனைவிக்குப் போட்டுக் காட்டினேன். மகன்மேல் இருந்த பழி போயிற்றென்று அவள் மனம் ஆறும் என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு.

"என் தம்பி குரல் ஏன் இப்படி நடுங்குது?"

"உண்மை பேசும்போது அப்படித்தான்."

"அவன் இப்ப எங்க இருக்கான்?"

குளிர் அறையில்தான் என்றேன். அவள் செருப்புகூடப் போடாமல் ஓடினாள். கதவைத் திறந்தவள் அவள்தான். அவன் கதவோரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அணைந்த போன் இன்னும் காதில்தான் இருந்தது. அதன்பிறகு அவள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஏனென்று எனக்கு விளங்கவில்லை.

உங்கள் அறிக்கையில் என்ன எழுதுவீர்களோ தெரியாது. உடைந்த கைப்பிடியைச் சரிசெய்யாமல் விட்டானே, அதற்கு ஒரு வார்த்தை இருக்கிறது. எனக்கு இப்போது எழுதத் தெரியும். பதிவை மட்டும் அழித்துவிடாதீர்கள், ஐயா. கேட்டுப் பாருங்கள். யாரும் அவனைக் கட்டாயப்படுத்தவில்லை. மூன்றாம் தரம் சம்மதம் என்று தெளிவாகவே சொல்லியிருக்கிறான்.