டாக்டருக்குப் படிக்கப் போன தாய்மார்கள்

கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் போகும் ரயிலில், என் எதிரே இருந்த இளம்பெண் பக்கத்திலிருந்த தன் அண்ணியிடம் உற்சாகமாகச் சொன்னாள்: "புள்ளைங்கள விட்டுட்டு டாக்டருக்குப் படிக்கப் போனாங்களாம் அண்ணி!"

"யாரு?"

"அந்தக் காலத்து அமெரிக்காவுல, மார்மன்னு ஒரு கிறிஸ்துவ சபைப் பொம்பளைங்க. எங்க டீச்சரம்மா சொன்னாங்க."

வெள்ளைச் சேலை கட்டியிருந்த அண்ணி, மடியில் தூங்கிய மகளைத் தட்டிக்கொடுத்தாள். "புள்ளைங்கள யாரு பாத்தாங்களாம்?"

"சொந்தக்காரங்கதான்! திரும்பி வந்து ஊருக்கே பிரசவம் பாத்தாங்களாம். இப்ப நம்ம பெரியாஸ்பத்திரியில மருத்துவச்சிக்குப் படிக்க ஆள் எடுக்குறாங்க. அண்ணன் போனதுலேருந்து வீட்டுக்குள்ளயே கிடக்குறீங்க. நீங்க போங்க, பாப்பாவ நான் பாத்துக்குறேன்."

"மாமா விடமாட்டாரு."

"அப்பாகிட்ட நான் சண்டை போடுறேன்!"

ரயில் பிரிக்பீல்ட்ஸை நெருங்கியது. அண்ணி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"வேணாம். அந்தச் சண்டைய நானே போடுறேன்."