தலைவர் கரையிறங்கும் திட்டம்

— "...ஆகவே, பலெர்மோ வாழ் தமிழ்க் கத்தோலிக்கப் பெருமக்களே! எமது பங்குச் சபைத் தலைவரும், சாந்தா றொசாலியா மலை யாத்திரையின் நிரந்தர அமைப்பாளருமாகிய திருவாளர் சுவாம்பிள்ளை அவர்கள், தமது பாரியார் அகஸ்ரீனா சகிதம், எதிர்வரும் ஆனி மாதத்தில் அலாஸ்கா என்னும் பனித்தேசத்துக்குக் கடல்மார்க்கமாக எழுந்தருள உள்ளார் என்பதனைப் பெருமிதத்தோடு அறியத்தருகின்றோம்." எப்பிடி இருக்கு கிறிகோரி? வாற ஞாயிறு பூசை முடிய வாசிக்கலாமோ?

— வாசிக்கலாம் அத்தான். "எழுந்தருள" எண்டதை மட்டும் எடுத்துவிடுங்கோ. அது மாதா சுரூபத்துக்குச் சொல்லுறது.

— அப்ப என்னெண்டு சொல்லுறது?

— "போறார்" எண்டு சொல்லலாம். சனத்துக்கு விளங்கும்.

— போறாராம்! இந்து மன்றத்துக் கோபாலசிங்கம் மோல்ற்றாவுக்குக் கப்பலிலை போனவர். போற வழியெல்லாம் ஓங்காளிச்சுச் சத்தி எடுத்துக்கொண்டு போனவர். அந்தச் சத்தியை ஒரு வருசமாக் கதைச்சார். அவர் போனதும் நான் போறதும் ஒண்டோ? உனக்கு மேடைத் தமிழ் விளங்காது தம்பி. வுச்சீரியாச் சந்தைச் சாப்பாட்டுக் கடையிலை கோப்பை கழுவுற ஆள் நீ.

— ஓம் அத்தான். நான் கோப்பை கழுவுறன், நீங்கள் பெரிய மாடி ஒண்டுக்கு வாசல் கதவு திறந்து பூட்டுறியள்.

— அது பொறுப்பான உத்தியோகம்! அந்த மாடியிலை ஒரு வெள்ளைக்காரச் சிஞ்ஞோறாவும் என்ரை முகம் பாக்காமல் உள்ளுக்குப் போகேலாது.

— பாவங்கள்.

— ரெண்டு பேரும் கத்தாதேங்கோ. கீழை பலறோச் சந்தையிலை மீன்காரன் கத்துறதே காணும். கிறிகோரி, இந்தா, கட்லட் சுடச்சுட எடு.

— அக்கா, கப்பல் நிக்கிற கரையளிலை என்னென்ன பாக்கிறது எண்டு பதியத்தானே என்னைக் கூப்பிட்டனீங்கள்? வந்த நேரத்திலையிருந்து அத்தான் பிரசங்கம் வைக்கிறார்.

— அறிவித்தல்தான் முதல். பயணம் பேந்து.

— இஞ்சேருங்கோ, ரிக்கற் எடுத்தது எங்கடை மகள் மொனிகா. அதையும் சேத்து வாசியுங்கோவன்.

— அகஸ்ரீனா, குடும்ப விசயம் கோயிலிலை வாசிக்கிறேல்லை.

— ஓமோம். கோயில் சனத்துக்கு நீங்கள் சொன்னபடி என்ரை பிள்ளை இன்னும் ரொறன்ரோவிலை படிச்சுக்கொண்டல்லோ இருக்கிறாள்.

— ஏழு வருசமா அத்தான்! சாமியார் போன கிழமை என்னட்டைக் கேட்டவர், பிள்ளைக்குப் படிப்பு ஏறாதோ எண்டு.

— நீ என்ன சொன்னனீ?

— கொஞ்சம் கஸ்ரமான பாடம் எண்டு சொன்னன்.

— நல்லது. சுருக்கமாச் சொன்னால், தகப்பன்ரை சொல்லை மீறி ஒரு சைவப் பொடியனைக் கட்டினவள். நான் கலியாணத்துக்குப் போகேல்லை. ஒரு சொல் கதைக்கேல்லை. ஞானஸ்நானம் எடுத்துப்போட்டு வாடா எண்டன், வரேல்லை. ஏழு வருசத்துக்குப் பிறகு இப்ப அவளா இறங்கி வந்து கப்பலுக்குக் கூப்பிடுறாள். இதுக்கு என்ன பேர்? வெற்றி.

— அவள் ஒண்டும் இறங்கி வரேல்லை. ஜெனனிக்கு நாலு வயசாகுது, அம்மம்மாவை இன்னும் காணேல்லை எண்டு கூப்பிட்டவள். எனக்கு ஐசும் வேண்டாம், திமிங்கிலமும் வேண்டாம். அந்தப் பிள்ளையை ஒருக்காத் தூக்கோணும். அவ்வளவுதான்.

— பேரைப் பார், ஜெனனி. புனிதர், அர்ச்சிஸ்டவர் ஒருத்தற்றை பேரும் அகப்படேல்லையாம்.

— உங்கடை பேரை வைக்க யோசிச்சிருப்பினம் அத்தான். பெட்டைப்பிள்ளை, பாவம் எண்டு விட்டிருப்பினம்.

— வாயை மூடிக்கொண்டு கொம்பியூட்டரைத் தட்டு. வன்கூவரிலை ஏறினால் கப்பல் முதல் எங்கை நிக்குது?

— கெச்சிக்கன். எந்த நேரமும் மழையாம். அந்த ஊர்ப் பழங்குடிச் சனம் செதுக்கின பெரிய மரத்தூணுகள் பாக்கலாம். இல்லாட்டி கரடி பாக்கலாம். மொனிகா ஆக்கள் தூண் பாக்கப் போகினமாம் எண்டு அக்கா சொன்னவா.

— பொடியனும் போறானோ?

— மனிசியும் பிள்ளையும் போனால் மனிசனும் போவார்தானே.

— அப்ப எங்களுக்குக் கரடி.

— தூண்தான் நல்லம் அத்தான். ஒவ்வொரு தூணும் ஒரு குடும்பத்தின்ரை கதையாம்.

— மரத்தைக் கும்பிடுற இடத்துக்கு ஒரு பங்குச் சபைத் தலைவர் போறதோ?

— கும்பிடுறேல்லை எண்டு இதிலை வடிவாப் போட்டிருக்கு. சில தூண் ஆக்களை வெக்கப்படுத்திறதுக்கும் நட்டதாம். ஊரிலை பெரிய மனிசன் ஆரும் பிழை விட்டால், எல்லாரும் பாக்க ஒரு தூணைச் செதுக்கி நிமித்திவிடுவினமாம்.

— அருமையான பழக்கம். கோபாலசிங்கத்துக்கு ஒண்டு நடலாம்.

— எனக்கும் ஒராள் நினைவிலை வந்தவர்.

— கரடி எண்டு போடு. அடுத்தது?

— ஜூனோ. திமிங்கிலம் பாக்கப் படகு இருக்கு. இல்லாட்டி ஹெலிகொப்ரரிலை ஏத்திக்கொண்டுபோய்ப் பனிமலைக்கு மேலை இறக்கிவிடுவினம்.

— பொடியன் எதுக்குப் போறான்?

— திமிங்கிலத்துக்கு. சின்னப்பிள்ளையை ஹெலியிலை கொண்டுபோகப் பயமாம்.

— அப்ப எங்களுக்கு ஹெலி.

— உங்களுக்கு உயரம் தலை சுத்தும். றொசாலியா மலைக்கே எல்லாரையும் நடக்கவிட்டிட்டு நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு காரிலை போறனீங்கள்.

— அகஸ்ரீனா, இது அமைப்பு. உனக்கு விளங்காது. எங்கடை பங்கிலை பேனாட்டும் பிறின்சும் ஒருத்தரை ஒருத்தர் முகம் பாக்கிறேல்லை. மலை யாத்திரைக்கு நான் என்ன செய்யிறனான்? அடிவாரத்துக்குப் பேனாட் முதல் பஸ், பிறின்ஸ் கடைசி பஸ். பத்து வருசம், ஒரு அடிதடி இல்லை.

— ஒரு சமாதானமும் இல்லை அத்தான். முந்தி கறியிலை உறைப்புக் கூடினதுக்குக் கோவிச்சவங்கள். இப்ப ஏன் கோவம் எண்டு அவங்களுக்கே தெரியாது. ஆனால் பஸ் மட்டும் ரெண்டு.

— அதுதான் ஒழுங்கு! அதே ஒழுங்கை நான் அலாஸ்காவிலை நடைமுறைப்படுத்திறன். பொடியன் தண்ணியிலை நிக்கேக்கை நான் ஆகாயத்திலை நிப்பன்.

— மற்றது ஒண்டு அத்தான். உங்கை பலெர்மோத் துறைமுகத்திலை கப்பல் வந்தால் வெள்ளைக்காரர் குடையைத் தூக்கின வழிகாட்டிக்குப் பின்னாலை ஓடி வருவினம். எங்கடை கடையிலை மாட்டு மண்ணீரல் வைச்ச பாணை ஒரு கடி கடிச்சு, முகத்தைச் சுழிச்சு, படம் எடுத்து, பலெர்மோவைப் பாத்து முடிச்சாச்சு எண்டு திரும்பி ஓடுவினம். நாங்கள் குசினிக்கை நிண்டு விழுந்து விழுந்து சிரிப்பம். ஜூனோவிலையும் ஒருத்தன் கோப்பை கழுவிக்கொண்டு நிப்பான் எண்டதை மறந்திடாதேங்கோ.

— என்னைப் பாத்து ஆரடா சிரிக்கிறது? நான் கோட் போட்டுக்கொண்டு இறங்குவன்.

— அப்ப கட்டாயம் சிரிப்பான்.

— ஹெலி எண்டு போடு. மூண்டாவது?

— ஸ்காக்வே. இஞ்சை ஒரு சிக்கல். ஒரு பழைய ரயில்தான் இருக்கு. மலை விளிம்பாலை போகுமாம். மொனிகா ஆக்களும் அதுதான்.

— ஒரே ரயிலோ? ஒருக்காத்தான் போகுமோ?

— காலமையும் பின்னேரமும் போகுது.

— பாத்தியோ, ஆண்டவர் வழிவிடுறார். அவை காலமை. நாங்கள் பின்னேரம்.

— ஜெனனி?

— தாய் தகப்பனோடை காலமை.

— நான்?

— நீ என்ரை மனிசி. பின்னேரம்.

— அப்ப நான் பிள்ளையை எப்ப தூக்கிறது?

— கப்பலிலை சாப்பிடேக்கை. அதுவும் பந்தி ரெண்டாம். நாங்கள் முதல் பந்தி, அவை ரெண்டாம் பந்தி. நாங்கள் எழும்ப அவை இருக்கேக்கை, அந்த இடைவெளியிலை நீ தூக்கலாம். நான் வாசலிலை நிண்டு பாத்துக்கொள்ளுவன்.

— கதவு திறக்கிற ஆள் வாசலிலைதான் நிக்கோணும்.

— கிறிகோரி!

— நான் தட்டுறன், தட்டுறன். பின்னேர ரயில்.

— இஞ்சேருங்கோ, கொஞ்சம் என்னைப் பாருங்கோ. ரொறன்ரோவிலை இப்ப விடிஞ்சிருக்கும். மொனிகா எங்களுக்கு எடுத்த கபினிலை ரெண்டு கட்டில், ஆர் ஆர் வாறது எண்டு இண்டைக்குள்ளை பேர் குடுக்கச் சொன்னவள். ஒருக்கா எடுத்து, "வாறன் பிள்ளை" எண்டு ஒரு சொல் சொல்லுங்கோ. மருமேனோடை கதைக்க வேண்டாம். பெத்த பிள்ளையோடை ஒரு சொல்.

— ஆர் ஆர் எண்டு என்ன கேள்வி? நீயும் நானும். கதைக்கிறதெண்டால் அவள் எடுக்கட்டும்.

— அவள் எடுத்தவள். நத்தாருக்கு எடுத்தவள், உங்கடை பிறந்தநாளுக்கு எடுத்தவள், பிள்ளை பிறந்த அண்டைக்கு ஆசுப்பத்திரியிலை இருந்து எடுத்தவள். நீங்கள் போனைக் குப்புறக் கவிட்டுப்போட்டு ரி.வி. பாத்தனீங்கள்.

— ஒரு தலைவருக்குக் கொள்கை இருக்கோணும்.

— என்ரை போனிலை வந்த பிள்ளையின்ரை படத்தை அழிச்சதும் கொள்கைதானோ? பேரப்பிள்ளை எப்பிடி இருக்கிறாள் எண்டு நான் செல்வமலரின்ரை போனிலை பாக்கிறன். காலமை பஸ்ஸிலை. பிரான்காச்சோப் பக்கம் மாடிப்படி கழுவுற வேலைக்குப் போகேக்கை.

— பொடியன்ரை தாயோடை உனக்கென்ன கதை?

— அந்த மனிசி எனக்குச் சீற் பிடிச்சு வைக்கும். தனக்கு வந்த படத்தைப் பெரிசாக்கிக் காட்டும். அவவும் பேத்தியை இன்னும் நேரை கண்டதில்லை. சந்தையிலை உங்களைக் கண்டால் "சம்மந்தி, சுகமோ" எண்டு கேக்கும். நீங்கள் கத்தரிக்காயை உத்துப் பாத்துக்கொண்டு நிப்பியள், ஏதோ அதுக்கு ஞானஸ்நானம் குடுக்கப்போற மாதிரி.

— அக்கா, அது நல்ல பகிடி!

— பகிடி இல்லையடா. ஏழு வருசம்.

— சரி, சரி, அழுது கிழுது போடாதை. சுருக்கமாச் சொன்னால், வாறன் எண்டதே நான் குடுக்கிற மன்னிப்புத்தான். அதுக்கு மேலை கேக்கப்படாது. கிறிகோரி, இனி முக்கியமான விசயம். படம்.

— என்ன படம்?

— ஒவ்வொரு துறைமுகத்திலையும் எடுக்கிற படத்தை நான் உடனுக்குடன் உனக்கு அனுப்புவன். நீ பங்கு வாட்சப் குழுவிலை போடோணும். கோபாலசிங்கத்துக்கும் எப்பிடியும் போய்ச் சேரும். நான் நடுவிலை, பின்னாலை பனிமலை, பக்கத்திலை அகஸ்ரீனா. தவறிப் பொடியன்ரை கையோ காலோ வந்தால் வெட்டிப்போட்டுப் போடு.

— மொனிகா?

— மொனிகா வரலாம். படிப்பு விடுமுறையிலை வந்திருக்கிறாள் எண்டு எழுது.

— பிள்ளை வந்து உங்கடை மடியிலை ஏறினால்? சின்னப்பிள்ளை அத்தான், பஸ் ரெண்டு எண்டது அதுக்குத் தெரியாது.

— ஏறினால் ஏறட்டும். அழகான பிள்ளை எண்டால் படத்துக்கும் நல்லம். ஆரெண்டு கேட்டால், கப்பலிலை கண்ட ஆற்றையோ பிள்ளை எண்டு சொல்லலாம்.

— அத்தான்...

— என்ன? பொய்யோ? கப்பலிலைதானே காணப்போறன்!

— அக்கா, எங்கை எழும்புறியள்?

— போன் உள்ளுக்குக் கிடக்கு. கட்லட் மேசையிலை இருக்கு, சாப்பிடு.

— பாத்தியோ, கோவம் வந்திட்டுது. பொம்பிளையளுக்கு அமைப்பு விளங்காது. நீ யோசியாதை, கப்பலிலை ஏறின உடனை எல்லாம் சரிவரும்.

— அத்தான், ஒரு விசயம் சொல்லுறன், கோவிக்கப்படாது. நாலு வருசமா அக்கா அந்தப் பிள்ளைக்குச் சட்டை தைக்கிறா. பிள்ளை வளர வளர அளவைச் செல்வமலர் அக்கா கேட்டுச் சொல்லுவாவாம். தைச்சதெல்லாம் அனுப்பாமல் அலுமாரிக்கை கிடக்கு. ஒண்டும் இனி அளவில்லை. நீங்கள் ஒரு சொல் சொன்னால் என்ன குறைஞ்சுபோம்?

— நீயும் தொடங்காதை. அகஸ்ரீனா! ஆரோடை கதைக்கிறாய் அங்கை?

— மொனிகாவோடை. கபினுக்குப் பேர் குடுக்கிறன்.

— குடு, குடு! என்ரை பேருக்கு முன்னாலை தலைவர் எண்டு போடச் சொல்லு. கப்பல்காரருக்கும் ஆளைத் தெரியட்டும். என்ன, கேட்டதோ? கேட்டிருக்கும். நீ அலுவலைப் பார் கிறிகோரி.

— ஹெலிகொப்ரர்காரர் ஒண்டு கேக்கினம் அத்தான். ஏறுற ஒவ்வொருத்தற்றை எடையும் வேணுமாம். ஆக்களைப் பாரம் பாத்துத்தான் இருத்துவினமாம்.

— நல்ல ஒழுங்கு. பாரமான ஆக்களை முன்னுக்கு இருத்துவினம். எனக்கு நூறு எண்டு போடு.

— நூறோ? போன மாசம் எண்பத்தாறு எண்டு அக்கா சொன்னவா.

— கோட்டையும் சேத்துச் சொன்னனான். நூறு எண்டால் ஒரு மதிப்பு. அகஸ்ரீனா, வா, வந்து உன்ரை எடையைச் சொல்லு!

— நான் ஹெலிக்குப் போகேல்லை. அதை அழிச்சுப்போட்டுத் திமிங்கிலத்துக்குப் போடு தம்பி. கரடியையும் அழி. தூணுக்குப் போறம். ரயில் காலமை.

— என்ன கதை இது? காலமை ரயிலிலை பொடியன் எல்லோ இருப்பான்! அப்ப நான் எங்கை இருக்கிறது?

— நீங்கள் இஞ்சைதான் இருக்கிறியள். மற்றக் கட்டிலுக்கு நான் செல்வமலரின்ரை பேரைக் குடுத்திட்டன்.