ஈரமடிப் புடவை

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் புடவை உலர்வதுதான் பெரிய கவலை. ஏட்டையா, நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரிக்க வேண்டிய விஷயம்தான், நானும் சிரித்திருக்கிறேன்.

என் பெயர் பராசரன். திருவள்ளூரில் கோயிலுக்குப் பின்தெருவில் வீடு. அப்பா இருந்தவரை கோயில் கைங்கரியம். நான் காக்களூர் பக்கம் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தேன். வீட்டில் அம்மாவும் என் மனைவி அரவிந்தவல்லியும்தான். குழந்தை இல்லை. அம்மா ஆசாரத்தில் இம்மி பிசகமாட்டாள். விடியற்காலையில் குளித்துவிட்டுப் பெருமாளுக்குத் தளிகை பண்ணுகிறவள் மடிப்புடவைதான் உடுத்த வேண்டும். மடிப்புடவை என்றால், நனைத்து உயரக் கொடியில் போட்டபின் பிறர் கை படாமல் உலர்ந்த புடவை. உலரவில்லையென்றால் ஈரத்தோடு சுற்றிக்கொள்ளலாம். "ஈரமடிக்கு மேல மடி உண்டோ?" என்பாள் அம்மா. பட்டு ஆகாது என்பதும் அவள் தீர்ப்பு.

எழுபத்திரண்டு மழைக்காலத்தில் அரவிந்தவல்லி ஒரு மாதம் ஈரமடியில் நின்று சமைத்தாள். நெஞ்சில் சளி கட்டிப் பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். டாக்டர் என்னைத் தனியே அழைத்து, இன்னொரு முறை இப்படி வந்தால் இந்த உடம்பு தாங்காது என்றார். அதை நான் நன்றாகக் காதில் வாங்கிக்கொண்டேன். இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

மறு வருஷம் மழைக்கு முன்பே நான் முந்திக்கொண்டேன். வார்னிஷில் தோய்த்த காயிலைப் பட்டறையில் எப்படி உலர்த்துவோமோ அந்த வித்தையை வீட்டில் செய்தேன். பீங்கான் தட்டில் கம்பி சுற்றி ஒரு ஹீட்டர். மேலே உத்தரத்தில் ஒரு பழைய ஃபேன். ஹீட்டர் மட்டும் எரிந்தால் சூடு மேலேயே போய் நின்றுவிடும், புடவையின் கீழ்ப்பாதி சொதசொதவென்று இருக்கும். ஃபேன் மட்டும் என்றால் குளிர்ந்த ஈரக்காற்றுதான். கால் மணி நேரம் ஹீட்டர் காய்ந்தபின் ஃபேனை ஒன்றாம் நம்பரில் வைத்தால் மேலே போன சூடு மெல்லக் கீழிறங்கிப் புடவை முழுக்கப் படரும். ஒரு வாரம் மல்லுக்கட்டித்தான் இரண்டையும் ஒத்துப்போக வைத்தேன். பொருத்தி முடித்ததும், மடிப்புடவை உலரும் அந்த அறையை அம்மா மூன்று முறை அலம்பிவிட்டாள். பட்டறைக்குப் போய்வருகிற எனக்கு அதற்குமேல் அங்கே நுழைய உரிமையில்லை. ஸ்விட்சும் பியூஸும் கூடத்துச் சுவரில் இருந்தன.

முதல் நாள் காலை அவள் உலர்ந்த புடவையோடு வெளியே வந்து, அம்மாவுக்குக் கேட்காமல் சொன்னாள்: "வெதுவெதுன்னு இருக்குன்னா. யாரோ அணைச்சுண்டாப்பல இருக்கு."

அதைவிடப் பெரிய பாராட்டை எனக்கு யாரும் தந்ததில்லை. அன்று பட்டறையில் நாள் முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை.

மார்கழி முதல் வாரம் அவளுக்கு ஆரம்பாக்கத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலைக்கு ஆர்டர் வந்தது. ஜனவரி இரண்டாம் தேதி சேர வேண்டும். இங்கிருந்து சென்னை போய், வேறு ரயில் பிடித்துப் போகிற ஊர். தினம் போய்வர முடியாது. அவளோடு டிரெயினிங் படித்த கிரேஸ் அங்கேதான் டீச்சர். வீடு தேடி வந்து வாசலில் நின்றபடியே சொன்னாள்: "என்னாண்டயே தங்கிக்கட்டும் சார். சனிக்கெழம ஆனா நானே இட்டாந்து உட்டுடறேன். நீங்க இன்னாத்துக்கும் யோசிக்காதீங்க."

நான் போகச் சொன்னேன். யாரையும் எதையும் வேண்டாமென்று தடுக்கிற சுபாவம் எனக்கில்லை. தெருவில் யாரை வேண்டுமானாலும் விசாரியுங்கள். அன்று சாயங்காலம் அவள் பாடிக்கொண்டே விளக்குக்குத் திரி போட்டாள். கல்யாணமான பத்து வருஷத்தில் அவள் பாடி நான் கேட்டதில்லை. அவளுக்குக் குரல் இருந்தது. பாட்டு முடிகிறவரை நான் கூடத்தில் ஸ்விட்சுக்கு முன்னால் நின்றேன்.

ஒரு சின்னக் காய்ச்சல் வந்தால் போதும், தேதி தப்பிவிடும் என்று நினைத்தேன். மாலையில் அவள் குளித்துப் புடவையை நனைத்துக் கொடியில் போட்டதும், அவள் கண்ணெதிரிலேயே ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு ஸ்விட்சையும் போடுவேன். அவள் அப்பால் போனதும் ஹீட்டரின் பியூஸ் கட்டையை மட்டும் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன். மூடிய கதவுக்குப் பின்னால் ஃபேன் சுற்றுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். அவள் நிம்மதியாகத் தூங்குவாள். காலையில் அவள் எழுமுன் கட்டையைத் திரும்பச் செருகிவிடுவேன்.

"ஈரமா இருக்கே," என்றாள் முதல் நாள். ராத்திரி கரண்ட் குறைவு என்றேன். இப்போதிருக்கிற கரண்ட் வெட்டில் என்ன சொன்னாலும் ஜனங்கள் நம்புவார்கள்.

ஒன்பது நாளில் காய்ச்சல் வந்தது. ஜனவரி இரண்டு போயிற்று. நான் ராப்பகலாகக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன், கால் பிடித்துவிட்டேன். அந்த ஐந்தாறு நாளும் நாங்கள் மிகவும் சந்தோஷமாக இருந்தோம். என்னளவில் இருந்தேன். பிறகு காய்ச்சல் விட்டது. தலையணைக்கடியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டினாள். கிரேஸ் பள்ளிக்கூடத்தில் பேசி அவளுக்கு இருபதாம் தேதி வரை தவணை வாங்கியிருந்தாள்.

"எழுந்துட்டியே, மார்கழி முடியற மட்டும் தளிகை பண்ணிடு," என்றாள் அம்மா. அவள் பாவம், ஒன்றும் அறியாதவள். அரவிந்தவல்லியும் சரியென்று புடவையை நனைத்துப் போட்டாள். நான் இரண்டு ஸ்விட்சையும் போட்டேன்.

முதல் தடவை செய்ததை அறியாமை என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். இரண்டாவது தடவை பியூஸைப் பிடுங்கியபோது டாக்டர் சொன்னது எனக்கு வார்த்தை பிசகாமல் ஞாபகம் இருந்தது. இரண்டே இரவுதான். மூன்றாம் நாள் அவளுக்கு மூச்சு இழுத்தது.

ஆஸ்பத்திரியில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மெஷின் மேல கோவிச்சுக்காதேங்கோ. நீங்க எனக்காகப் பண்ணினது. கரண்ட் வரலேன்னா அது என்ன பண்ணும், பாவம்," என்றாள். தை மூன்றாம் நாள் போய்விட்டாள். அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு என்னால் சோறு தின்ன முடியவில்லை, ஏட்டையா. அதனால்தான் பதின்மூன்றாம் நாள் முடிந்ததும் இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன்.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். பக்கத்து மேஜைக்காரரிடம் என்ன சொன்னீர்கள் என்பதும் கேட்டது: "இன்னாப்பா இது பேஜாரு, பொடவ காயலன்னு ஒரு கேஸு. சம்சாரம் பூட்ட துக்கத்துல அய்யரு ஏதோ பேசிக்கினு கீறாரு."

துக்கம் இருக்கிறது. ஆனால் நான் பிதற்றவில்லை. இதோ, இதுதான் அந்தப் பியூஸ் கட்டை. கம்பி அறுந்திருக்கிறதா என்று பாருங்கள். முழுசாக இருக்கிறது. அது எரிந்துபோகவில்லை, நான்தான் பிடுங்கினேன். அவளைக் கொன்றது நான் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் ஒன்றையும் சேர்த்து எழுதுங்கள். அவளுக்கு நெஞ்சு பலவீனம். மழைக்காலத்தில் கூடவே ஒரு ஆள் இல்லாமல் தாங்காது. ஆரம்பாக்கத்தில் அவள் புடவையை யார் உலர்த்திக் கொடுத்திருப்பார்கள்?